அளவுப் பலகைக்குக் கீழே ஒரு பெட்டி

என் மகளின் ஞானத்தாய்க்கு,

பாஸாகிவிட்டேன்! பணியாளர் பயிற்சி, திறன் மேம்பாட்டுச் சான்றிதழ் இனி எனக்கும் உண்டு. தலைநகர் கீட்டோவில், தேர்வு மையக் கணினித் திரையில் முடிவு வந்ததும் நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்தார். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். ஃபோனை நீ எடுப்பதில்லையே.

தேர்வில் வந்த ஒரு கேள்வியைக் கேள். ஒரு பெண் மூன்று முறை பயிற்சி பெற்றும் அதே தவறைச் செய்கிறாள். அடுத்து என்ன செய்வாய்? முன்பென்றால் கண்ணை மூடிக்கொண்டு 'நான்காம் முறை பயிற்சி' என்றிருப்பேன். இந்த முறை, 'அவள் வேலை செய்யும் இடத்தைப் போய்ப் பார்' என்ற விடையைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாளே ரோஜாக்களைத் தரம் பிரிக்கும் கூடத்தில், உன் மேசையருகே, உன் உயரத்துக்கு முழங்காலை மடக்கி நின்றேன்.

"என்ன மேடம், சான்றிதழ் வாங்குனதும் குட்டையாயிட்டீங்க?" என்றார் மேற்பார்வையாளர் செகுந்தோ.

நான் சிரிக்கவில்லை. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால், தண்டின் நீளம் பார்க்கும் அளவுப் பலகைக்கு முன்னால் பிடித்த ஐம்பது சென்டிமீட்டர் ரோஜா அறுபதின் கோட்டைத் தொடுகிறது! நீ கண்டதைத்தான் சொன்னாய். உனக்குப் பயிற்சி தந்தபின் மூன்று தாளிலும் 'கவனக்குறைவு' என்று எழுதி, உன்னை வேலையிலிருந்து நிறுத்த வைத்தது என் கை.

அந்தத் தாள்களை ரத்து செய்ய வைத்துவிட்டேன். திங்கட்கிழமை உன்னை வேலைக்கு வரச் சொல்கிறார்கள். உன் இடத்தில் ஏறி நிற்க மரப்பெட்டி போட்டிருக்கிறேன். அதில் உட்காரப் பார்த்த செகுந்தோவை விரட்டினேன்.

மகள் நயேலியிடம் எல்லாம் சொன்னேன். "அப்போ ஞானம்மா ஃபெயிலாகலையா?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
மூன்று முறை ஃபெயிலானவள்