யர்மூக்கில் தோற்றவன் வீட்டுக்குப் போனானா

என் காசிம் மாப்ளே,

நீ போய் நாலு மாசம் ஆகிறது. நான் இன்னும் கல்லூரிப் பக்கம் திரும்பவில்லை. நீ திட்டித் திட்டி ஓய்ந்த விஷயம், அதை விடு. எந்த வேலையில் சேர்ந்தாலும் பத்து நாளைக்கு மேல் கால் தரிக்க மாட்டேன் என்கிறது. களைப்பாக இருக்கிறது.

நம் கதை அப்படியே கிடக்கிறது. ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் சிரியாவில், யர்மூக் ஆற்றங்கரையில், அரபுப் படையிடம் தோற்ற பைசாந்தியத் தளபதியின், அதாவது கிழக்கு ரோமாவின் கிறிஸ்தவத் தளபதியின் கதை. பேட்டையில் உன் வாப்பாவின் லேத் பட்டறையில், மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்துகிற அரை மணி நேரத்தில் ஆளுக்கொரு வேஷமாகப் பேசிப் போனில் பதிவோம். சர்ச்சுக்குப் போகிற நான் அரபுத் தளபதி. தொழுகைக்குப் போகிற நீ ரோமாக்காரன். "நமக்கு எவன் எதிரியோ அவனுக்குத்தாம்லே நாம பேசணும். அப்பந்தான் ஏமாத்த மாட்டோம்" என்று விதி போட்டதே நீதான்.

கடைசிப் பாகம் மட்டும் பாக்கி. தோற்றவன் அப்புறம் என்ன ஆனான்? அதைப் பேசுவதற்குள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய்; திரும்பி வரவில்லை.

உன் வாப்பா தினமும் மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உன் குரலைக் கேட்கிறார். போன மாசம் என்னைப் பார்த்ததும், "ஏலே செல்வின், அந்த ரோமாக்காரன் தோத்த பொறவு வீட்டுக்குப் போயிட்டானால?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "போயிட்டான் மாமா. புள்ளகுட்டியோட சொகமா இருந்தான்."

அன்றைக்கு அவர் சோற்றை மிச்சம் வைக்கவில்லை.

அது பொய் என்று உனக்கும் தெரியும். களத்திலேயே செத்தான் என்கிறது ஒரு பழைய குறிப்பு. பேரரசர் முகத்தில் விழிக்க முடியாமல் சினாய் மலைக்குப் போய்த் துறவியானான் என்கிறது இன்னொன்று. வீட்டுக்குப் போனான் என்று நாம் எதிலும் படித்ததில்லை. நீ பேசிய ஆளுக்கு நானாக ஒரு முடிவு கட்டிவிட்டேன். மூன்று வாரம் பேட்டை பஸ்ஸில் ஏறவே இல்லை. வேறு யாரிடம் கேட்பேன், நான் செய்தது சரியா தப்பா என்று?

நேற்று மதியம் போய்ச் சொல்லிவிட்டேன். "மாமா, அவன் வீட்டுக்குப் போவல. நான் சும்மா சொன்னேன்."

"தெரியும்லே. பொய் சொன்னா ஒனக்கு மூஞ்சி காட்டிக் குடுத்துரும். காசிமா இருந்தா கண்டுபிடிக்கவே முடியாது. சரி, என்னதான் ஆனான்?"

இரண்டையும் சொன்னேன்.

"ரெண்டுல எது நெசம்?"

"தெரியாது மாமா."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "அந்த மலைக்குத்தான் போனாம்னு வையி. ஒரு வாய் சோறு போட அங்கன ஆள் இருந்திருக்குமால?"

அவர் தூக்குச்சட்டி மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினார்.

கடைசிப் பாகத்தை நான் பேசப் போகிறேன் மாப்ளே. ரோமாக்காரனாகப் பேச மாட்டேன், அது உன் குரல். அவனை ஜெயித்த அரபுத் தளபதியாகவே பேசுவேன். எதிரே நின்றவன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், சத்தியம்.

உன் வாப்பாவை இனி ஏமாற்றாத,
உன் மாப்ள செல்வின்
பாளையங்கோட்டை