தொட்டில் ஸ்பிரிங் அனுப்பியது என் தப்பு

786

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள்.

அன்பு மகள் சப்ரீனுக்கு அத்தா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பத்து நாளாக நீ போனை எடுக்காதபோது சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் ஐம்பத்திரண்டு நாளான என் பேத்தி ஹிபாவும் நல்லபடியாக இருக்க வேண்டும், அதைத் தவிர இந்த வீட்டில் இப்போது வேறு துஆ கிடையாது. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கிறது. மாப்பிள்ளை ஜபருல்லாதான் சொன்னார், மாமா, அவ போனை அணைச்சு அலமாரிக்குள்ள போட்டுட்டா, நீங்க ஒரு பேப்பர்ல எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் ஆபீஸ்ல பிரிண்ட் போட்டு அவ கையில கொடுக்கேன் என்று. பில் புத்தகத்தில் எழுதி எழுதி என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி ஆகிவிட்டது, பொறுமையாகப் படி. அவசரம் இல்லை, பிள்ளை தூங்கும்போது நாலு வரி, பிறகு நாலு வரி என்று படித்தால் போதும்.

முதலில் அந்தத் தொட்டில் விஷயம். அது முழுக்க என் தப்பு, மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லாதே. ராஜபாளையத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பஞ்சு மார்க்கெட்டில் நம் கடைக்கு வராமல் தீராது என்று நான் பீற்றிக்கொள்வது உனக்குத் தெரியும். முப்பத்துமூன்று வருஷமாகப் பாலாடையும் ரப்பர் ஷீட்டும் குடை மாதிரி விரிகிற கொசு வலையும் விற்றவன். என் மகளுக்குப் பிள்ளை பிறந்தால் கடையையே தூக்கி அனுப்ப வேண்டும் என்று இருந்தேன். முதல் பிரசவம் தாய் வீட்டில் நடக்கவில்லை, உன் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அவளும் வர முடியாது, அவளை விட்டு நானும் வர முடியாது. சாமானாவது போகட்டும் என்று நினைத்தேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வாங்கி, நம் கடையில் வேலை பார்க்கிற நாகஜோதியை வைத்து நான்கு முறை அலசி மெதுவாக்கி, இடுப்புத் துணிகளாகத் தைத்து வைத்தேன். உரை மருந்து, அதை உரைக்கிற கல், வசம்பு, வேப்ப எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே ஐந்து கிலோவில் தொட்டில் ஸ்பிரிங்கும் கட்டையும் உன் அம்மாவின் சுங்குடிச் சேலையும். பார்சல் ஆபீஸில் இருந்தவர் இந்த இரும்பு எதற்கு பாய் என்றார். எங்க வீட்டுப் பிள்ளை ஆடுறதுக்கு என்று பெருமையாகச் சொன்னேன்.

அயர்லாந்து வீட்டுக் கூரை அட்டை என்று எனக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளை சொல்லத்தான் செய்தார், மாமா, தட்டுனா டொக்கு டொக்குன்னு கேக்குது, இது நம்ம ஊரு மாதிரி இல்ல என்று. நான் கேட்டேனா. கடையில் நின்று பேசுகிற வாயால், எம்புட்டு வீட்டுக்குக் கொக்கி மாட்டியிருக்கேன், துளையைப் போடுங்க மாப்பிள்ளை, நான் பாத்துக்கிடுதேன் என்று வீடியோவிலேயே அதிகாரம் பண்ணினேன். ஆறாயிரம் மைல் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னத்தைப் பார்த்துக்கொள்வது. பிள்ளையைப் போடும் முன் அரிசிப் பையைப் போட்டு அரை மணி நேரம் ஆட்டிப் பார்க்க வேண்டும் என்பது நம் கடையில் ஸ்பிரிங் வாங்குகிற எல்லோருக்கும் நான் சொல்லிக் கொடுப்பது. அது ஒன்றை மட்டும் விடாமல் செய்யச் சொன்னேனே, அல்ஹம்துலில்லாஹ். பத்துக் கிலோ அரிசியும் ஸ்பிரிங்கும் பாதிக் கூரையும் ஒன்றாகத் தரைக்கு வந்ததைப் போனில் பார்த்தேன். வெள்ளைத் தூசிக்குள் நீ நிற்கிறாய், உள்ளறையில் ஹிபா வீரிட்டு அழுகிறாள். அத்தா, இனி எனக்கு ஒரு சாமானும் அனுப்பாதீங்க, எனக்குச் சாமான் வேண்டாம், சாமான் வேண்டாம் என்று அழுதுகொண்டே இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். வீட்டுச் சொந்தக்காரர் வந்து சத்தம் போட்டதையும் மாப்பிள்ளை தலை குனிந்து நின்றதையும் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

மறைக்க மாட்டேன், எனக்கும் கோபம் வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் வேண்டும், பெற்ற மகளுக்கு வேண்டாமாம் என்று கடையில் புலம்பித் தள்ளினேன். நாகஜோதி கணக்காகக் கேட்டாள், பாய், அந்தப் புள்ள சாமான் பத்தலன்னா அழுதுச்சு என்று. ஒம் வேலையைப் பாரு ஏட்டி என்று அவளை அடக்கிவிட்டு, அன்றைக்கே போனில் தேடி, தானாக ஆடுகிற நாற்காலி ஒன்றும் பாட்டிலைக் கழுவி ஆவியில் வேக வைக்கிற மெஷின் ஒன்றும் உன் விலாசத்துக்கு ஆர்டர் போட்டேன். இரண்டையும் நீ பெட்டியைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாய். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இனி அந்தக் கேமரா. பிள்ளையின் கட்டிலுக்கு மேலே மாப்பிள்ளை மாட்டிய கேமராவை என் போனிலும் போட்டுக் கொடுத்தார், ஹிபாவின் நன்னாவும் பேத்தியைப் பார்க்கட்டும் என்று நல்ல மனதோடுதான் செய்தார். கல்லாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். மம்சாபுரத்திலிருந்து மகளின் பிரசவத்துக்குச் சாமான் வாங்க வந்த வெள்ளைத்தாய்கூட, பாய் வீட்டுப் பேத்தி எம்புட்டு அழகு என்று திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை இங்கே மாலை ஆறு மணி, உங்களுக்கு மதியம் ஒன்றரை. ஹிபா அழுதுகொண்டிருந்தாள். நீ கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். இப்போது எழுந்துவிடுவாய், இப்போது எழுந்துவிடுவாய் என்று பார்த்தேன். வந்தவர்களுக்குப் பவுடர் எடுத்துக் கொடுத்தேன், திரும்பிப் பார்த்தேன், அப்படியே இருந்தாய். இருபது நிமிஷம். கல்லாவில் சாய்த்திருந்த போனைக் கையில் எடுத்தேன். அந்த மைக் படத்தை அழுத்தினால் நம் சத்தம் அங்கே கேட்கும் என்று மாப்பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. ஏட்டி சப்ரீன், பிள்ளை அழுது, தூக்கு ஏட்டி என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. நீ பயந்து துள்ளி எழுந்தாய். மேலே கேமராவைப் பார்த்தாயே ஒரு பார்வை, யா அல்லாஹ், அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டாய். அன்றிலிருந்து கருப்பாகத்தான் இருக்கிறது. உன் அறைக்குள் கேட்காமல் நுழைந்து, நீ யாருக்கும் காட்ட நினைக்காத நேரத்தில் உன்னைப் பார்த்து, அதற்கு மேல் அதட்டவும் செய்தேன். என்னை மன்னித்துவிடு தாயே. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, பயம், பயத்தில் வந்த சத்தம் அது. அந்த ஆப்பை எடுத்துவிட்டேன், இனி நீயே காட்டினால் ஒழியப் பார்க்க மாட்டேன்.

இதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கே உடம்பு முடியாது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிக்கொண்டேன். நேற்று வியாழக்கிழமை, டயாலிசிஸ் நாள். ஆண்டாள் தேரோட்டத்துக்காக ரோட்டை மறித்து, பஸ்ஸைச் சுற்றி விட்டு, ராஜபாளையம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் பிந்திவிட்டது. நான்கு மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும், நான் பக்கத்து ஸ்டூலில் இருந்தேன். சும்மா இருக்க முடியாமல் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். மெகராஜ் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நானும் அப்படித்தான கெடந்தேன், நீங்க பாக்கல என்றாள். எப்ப என்றேன். சப்ரீன் பொறந்து நாப்பது நாள் கழியுமுன்ன என்றாள். எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் சொன்னாள், தினமும் ராத்திரி கடை அடைச்சுட்டு வரும்போது ஒரு சாமான் கொண்டு வருவீக, கிலுகிலுப்பை, பவுடர் டப்பா, கிரைப் வாட்டர், கொண்டு வந்து தலைமாட்டுல வைப்பீக, அம்புட்டும் அடுக்கி அடுக்கி எனக்குக் கட்டில்ல இடமே இல்லாமப் போச்சு, ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து நீ எப்படி இருக்கன்னு கேட்டீகளா என்று. முப்பத்தொரு வருஷம் கழித்து, மெஷின் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கோபமும் இல்லாமல் சொல்கிறாள். எனக்கு எழுந்து வெளியே போகவும் முடியவில்லை, அங்கே இருக்கவும் முடியவில்லை. பச்சை உடம்புக்காரி பேசாமல் படுத்திருக்கிறாள், பெரிய பொம்பளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நான் இருந்திருக்கிறேன்.

அப்போது அவளைத் தூக்கி நிறுத்தியது பக்கத்து வீட்டில் குடியிருந்த தெலுங்குக்கார அம்மா பரிபூரணமாம். தினம் மூன்று மணிக்கு வந்து உன்னை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, நுவ்வு பண்டுக்கோ, நீ படுத்துத் தூங்கு என்று சொல்லிவிட்டு, வேறு ஒரு பேச்சுப் பேசாமல் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார்களாம். அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தில்தான் நான் பிழைச்சேன் என்கிறாள். பரிபூரணத்தை நான் எங்கே போய்ப் பிடித்து உனக்கு அனுப்புவேன்? நான் தனியா இருந்துக்கிடுதேன், நீங்க மககிட்டப் போயிட்டு வாங்க என்று உன் அம்மா சொல்கிறாள். போன மாதம் டயாலிசிஸ் முடிந்து வந்து பாத்ரூமில் விழுந்தவள் சொல்கிற பேச்சா அது. இவளை விட்டுவிட்டு வந்தால் இவளுக்கு யார், இங்கேயே இருந்தால் உனக்கு யார். பேனாவை வைத்துவிட்டு இதையேதான் யோசிக்கிறேன், ஒரு வழியும் தோன்றவில்லை. இவ்வளவு வயதுக்கு எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை சப்ரீன்.

மெஷின் ரூம் டாக்டரம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பிள்ளை பெற்ற பிறகு மனசுக்கு வருகிற நோய் இது, காய்ச்சல் மாதிரி நோய்தான், யார் குற்றமும் இல்லை, மருந்தும் வைத்தியமும் இருக்கிறது, தள்ளிப் போடக் கூடாது, தன்னை ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ நினைப்பு வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னார்கள். வாராவாரம் உங்கள் வீட்டுக்கு வருகிற நர்ஸம்மாவிடம் நீ சிரித்துக்கொண்டே நல்லா இருக்கேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அடுத்த முறை அப்படிச் சொல்லாதே. உள்ளதைச் சொல். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன வசம்பையும் உரை மருந்தையும் குப்பையில் போடு, நான் வருத்தப்பட மாட்டேன். பாட்டில் பால் கொடுக்கச் சொன்னால் கொடு, தாய்ப்பால்தான் என்று கடையில் நான் அடிக்கும் பிரசங்கத்தை நினைத்துக்கொண்டு உட்காராதே. மாப்பிள்ளைக்கு ரொட்டியும் முட்டையும்தான் பண்ணத் தெரியும் என்றால் அதையே தின்னு, பசியோடு இருக்காதே. தலை சீவவில்லை, வீடு கூட்டவில்லை என்று யாரும் கணக்குப் பார்க்கப் போவதில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று செய்ய முடியும் என்று தோன்றியது. நாளை முதல் மாலை ஆறு மணிக்குக் கடையை நாகஜோதியிடம் விட்டுவிட்டு, மேலே சரக்கு வைக்கிற ரூமில் ஒரு மணி நேரம் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்கு அது மதிய நேரம், நீ தனியாக இருக்கிற நேரம். நீ கூப்பிட்டால் எடுப்பேன். பேச வேண்டாம், முகம் காட்ட வேண்டாம், போனை எங்கேயாவது கவிழ்த்து வை. நானும் ஒன்றும் கேட்க மாட்டேன், யோசனை சொல்ல மாட்டேன், என் வாயைக் கட்டிக்கொள்வேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நீ கூப்பிடாவிட்டாலும் அந்த ஒரு மணி நேரம் அங்கேதான் இருப்பேன்.

உன் உடம்புக்கும் மனசுக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தரட்டும், ஹிபாவுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், மாப்பிள்ளைக்குப் பொறுமையைத் தரட்டும், அவரிடம் என் ஸலாமைச் சொல். நர்ஸம்மா வருகிற நாளை மறந்துவிடாதே. கீழே இடம் விட்டிருக்கிறேன், உன் அம்மா ஏதோ எழுத வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அத்தா
அ. அப்துல் ரவூப்

சப்ரீன், அம்மா எழுதுறேன். ஊசி குத்துன கை, எழுத்து கோணலாத்தான் வரும். அத்தா எழுதுனதைப் பூராம் வாசிச்சேன். அவிய பாத்துட்டாகன்னுதான நீ போனை அணைச்சு வச்சிருக்க. இதை நான் அவியகிட்டகூட இன்னிக்கு வரைக்கும் சொல்லல, போட்டோ எடுக்கும்போது வாசிச்சுக்கிடட்டும். நீ பொறந்து இருபத்தாறாம் நாள், நீ அழுதுக்கிட்டே கெடந்த. ஒன்னையக் கட்டில்ல போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு, முக்காட்டைப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். தென்காசி பஸ்ஸு நின்னுச்சு. ஏறி உக்காந்தேன். கண்டக்டர் எங்கம்மா போகணும்னு கேட்டாரு, எனக்குச் சொல்லத் தெரியல. அந்நேரம் பால் கட்டி வடிஞ்சு சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. எறங்கி ஓடியாந்தேன். நீ அழுது அழுது தொண்டை கட்டிக் கெடந்த. அழுற பிள்ளையைத் தூக்காம உக்காந்திருந்தவ கெட்ட தாயின்னுதான ஒனக்கு நெனப்பு. நான் ஒன்னைய விட்டுட்டே போனவ. முப்பத்தொரு வருசமா ஒனக்கு அம்மாவா இருந்திருக்கேன். நீயே சொல்லு, நான் கெட்ட தாயா ஏட்டி? போன் பண்ணி எங்கிட்டச் சொல்லு.

அம்மா
மெகராஜ்