தறி ஓடும்போது சொன்னது

இன்று காலை நம் கல்லூரி வள அறையின் ஹெட்போனை மாட்டினேன். பஞ்சு உதிர்ந்து காதோரம் கறுப்பாக ஒட்டிக்கொண்டது; நீ இருந்தால் கண்ணாடி பார்க்கச் சொல்லிச் சிரித்திருப்பாய். உள்ளே, நாம் செல்லூரில் பதிவு செய்த செல்வி பேசினாள். அவள் குரலுக்குப் பின்னால் தறி ஓடவில்லை.

"நாய்ஸ் பூராத்தையும் எடுத்தாச்சு மேடம். எம்புட்டு க்ளீனா இருக்கு பாருங்க!" என்றார் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர். கோயில் பிரகாரத்தைக் கழுவிவிட்டவர்போல் அவர் முகத்தில் ஒரு நிறைவு.

'தொடர்பியல், பாலினம், தொழில்நுட்பம்: ஆய்வு வள அறை' என்று கதவில் தீட்டுவதற்கு நீ எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "இம்புட்டும் எழுதணும்னா கதவை அகலப்படுத்துங்க டீச்சர்" என்றார் பெயிண்டர். உள்ளே இரண்டு பீரோ, கால் ஆடும் ஒரு மேசை, சுவரில் நீ வெட்டி ஒட்டிய செல்போன் விளம்பரங்கள். ஆண்கள் போனோடு மலை உச்சியில் நின்றார்கள். பெண்கள் போனோடு சமையலறையில் சிரித்தார்கள். "ஒரு வருஷப் பாடம் செவுத்துலயே முடிஞ்சுபோச்சு. வாடி, டீ குடிக்கலாம்" என்றாய்.

சுவரில் ஒட்ட முடியாததற்காகத்தான் செல்லூருக்குப் போனோம். வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது, அடித்தால் யார் எடுக்கிறார்கள் என்று பெண்களிடம் கேட்டுப் பதிவு செய்தோம். முன்னறையில் ஆண்கள்; உள்ளே விசைத்தறியின் பக்கத்தில் பெண்கள். ஒலி தெளிவாக இருக்கட்டும் என்று செல்வி வீட்டில் நான் தறியை நிறுத்தச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரரு பாத்துக்குவாரு, எனக்கென்ன தெரியும்" என்று அவள் ஒரே மூச்சில் பேட்டியை முடித்துவிட்டாள். தறி மறுபடி ஓடத் தொடங்கியதும் உன் காதருகே குனிந்தாள்.

"கரண்டு இருக்கப்பவே கேளுங்கக்கா. தறி நின்னா நானும் நின்னுருவேன்."

அந்தச் சத்தத்துக்குள்தான் சொன்னாள்; உன் கையில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொண்டு மகள் போய்விட்டாள். எங்கே என்று தாய்க்கு மட்டும் தெரியும். நூல் பெட்டிக்கு அடியில் ஒரு சின்னப் போன் இருக்கிறது. ஒரு ரிங் வந்து நின்றால் மகள் நலம். ஊரின் பெயரையும், மகள் வேலை பார்க்கும் கடையின் பெயரையும் சொன்னாள். "அவ அண்ணன்காரன் கண்டா வெட்டுவேன்னு திரியுறான். யாருகிட்டயாச்சும் ஒருக்கா வாய்விட்டுச் சொல்லணும்ல அக்கா" என்றாள். அந்த அண்ணன் அப்போது முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில், அழித்துவிடலாமா என்று உன்னிடம் கேட்டேன். "நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இவ பயந்தாங்கிறதுக்கு வேற சாட்சி இல்லடி" என்றாய். அதன்பின் நீ போட்ட விதிகள் எல்லோருக்கும் எரிச்சல் தந்தன. பதிவு அறையை விட்டு வெளியே போகாது. அதை யாரும் எழுத்தில் இறக்கக் கூடாது. கேட்க வருகிறவர் இங்கேயே உட்கார்ந்து கேட்க வேண்டும். வந்தவர்களில் பாதிப் பேர் தறிச் சத்தத்தில் தலைவலி என்று எழுந்துபோனார்கள். உனக்கு அதில் பரம திருப்தி.

நீ கண்ணை மூடிய பிறகு நம் அறை நல்ல வளர்ச்சி கண்டுவிட்டது. அதாவது, இனி அறை இல்லை. எல்லாம் இணையத்துக்குப் போகிறது. தெருப் பெயரைத் தட்டினால் குரலும் எழுத்தும் சேர்ந்து வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பேசிய பெண்களின் குடும்பங்களைக் கௌரவிக்கப் பொன்னாடை வாங்கியாயிற்று. பெண்களைப் பற்றிய ஆய்வு என்பதால், பொன்னாடை கணவர்களுக்கு.

செல்வியின் பதிவை எடுத்துவிடும்படி கல்லூரி முதல்வரிடம் கேட்டேன். "நல்ல பாயிண்ட் மேடம். எழுதிக் குடுங்க, கமிட்டியில வச்சிருவோம்" என்றார். கமிட்டி விழா முடிந்த பிறகு கூடும். பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர் பிரிவுக்காரர், ஒரு பிரதி ஏற்கெனவே இணையதளத்தை நடத்தும் கம்பெனியின் சர்வருக்குப் போய்விட்டதை ஆறுதலாகச் சொன்னார்.

மதியம் அந்த அண்ணன் வந்தான். கையில் விழா அழைப்பிதழ். நாற்காலி நுனியில் பணிவாக உட்கார்ந்தான்.

"எங்கம்மா வீட்டுல வாயே தொறக்காதுக்கா. ஒங்ககிட்ட மட்டும் அம்புட்டு நேரம் என்னதான் பேசுச்சு?"

"போனைப் பத்தித்தான் தம்பி. தறிச் சத்தத்துல ஒண்ணும் வெளங்காது."

அவன் அழைப்பிதழைத் திருப்பி, ஒரு வரியின் கீழ் விரலை வைத்தான். நவீன முறையில் பின்னணி ஓசை முழுவதும் நீக்கப்பட்டது என்று பெருமையாக அச்சடித்திருந்தார்கள்.

"அதான் சத்தத்த எடுத்துட்டீகளாம்ல" என்று சிரித்தான். "வெள்ளிக்கிழம வாரேன்க்கா. முன்னாடி ஒரு எடம் போட்டு வைங்க."

அவன் போனதும் செல்வியின் வீட்டு எண்ணை அழைத்தேன். எடுத்தது ஆண் குரல். உடனே வைத்துவிட்டேன்.

விடிந்ததும் கிளம்புகிறேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறப்போகிறேனா, ஆரப்பாளையத்திலா என்பதைக்கூட இங்கே எழுத மாட்டேன். உனக்கு நான் தட்டச்சு செய்வதும் ஏதோ ஒரு சர்வரில்தான் போய் உட்காருகிறது. நீ விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது ஓர் ஊரின் பெயரும் ஒரு கடையின் பெயரும்தான். அவற்றைச் சுமந்துகொண்டு போய் அந்தப் பெண்ணின் முன் நிற்பேன். வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஊருக்குப் போய்விடு என்பேன். எந்த ஊர் என்று அவள் சொல்ல வாயெடுத்தால், என்னிடமும் சொல்லாதே என்பேன்.