அண்ணீரகமும் ஒலிவாங்கியும்

பிப்ரவரி 9

இன்று ஒலிவாங்கியின் முன் என் வாக்கியம் நடுவழியில் நின்றுவிட்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வடக்கு நோக்கிச் செல்லும் விரைவுப் பேருந்து, மூன்றாம் நடைமேடையிலிருந்து..." என்று தொடங்கினேன், பயனிலை வரவே இல்லை. பத்தொன்பது ஆண்டுகளில் எந்த வாக்கியத்தையும் பயனிலை இல்லாமல் தெருவில் விட்டவள் அல்ல நான். கண்ணாடிக்கு அப்பால் பயணிகள் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள், கோபித்துக்கொண்டு பாதியில் பேச்சை நிறுத்திய மாமியாரைப் பார்ப்பதுபோல. பக்கத்து நாற்காலியிலிருந்த சைரன் எட்டி ஒலிவாங்கியைப் பிடுங்கி அறிவிப்பை முடித்துவைத்தாள். அவளது இயற்பெயரை இந்தப் பேருந்து நிலையத்தில் எவரும் உச்சரிப்பதில்லை. அவள் வாய் திறந்தால் ஒலிபெருக்கிக்கே வேலையில்லை.

"தூங்கிட்டியாடி?"

"இல்லை. களைத்துவிட்டேன்."

"களைச்சாலும் இலக்கணம் மட்டும் களைக்காது உனக்கு."

ஒரு வாரம் விடியற்காலைப் பணி, மறு வாரம் இரவுப் பணி. உறங்கி எழுந்தாலும் உறங்காதவள்போலவே இருக்கிறேன். இது எத்தனை மாதமாக என்று எண்ணுவதற்கும் தெம்பில்லை.

மாலையில் மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். ஜூன் முதல் வழக்கமான அறிவிப்புகள் அனைத்தும் பதிவுசெய்த குரலில் ஒலிக்குமாம். எங்களில் ஒருவருடைய குரல். ஏப்ரல் இறுதியில் தேர்வு. எவருக்கும் வேலை போகாது என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. நான் வீட்டில் உறங்கும்போதும் என் குரல் பணியில் இருக்கும்! எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், அகராதியை அரிசி டப்பாவின்மேல் வைத்துக்கொண்டு, செய்தித்தாளை அடுப்புக்கு உரக்க வாசித்துக் காட்டி வளர்த்த குரல் இது. எனக்குப் பின்னும் அது பேசும்.

ஆனால், இந்தக் களைப்பை வைத்துக்கொண்டா?

பிப்ரவரி 12

நாத்தனார் வந்தாள். சோப்பு, முகப்பூச்சு என்று வீடு வீடாக விற்பவள். இம்முறை பையில் மாத்திரைக் குப்பிகள்.

"அண்ணி, உங்களுக்கு வெறும் அசதி இல்ல. டென்ஷன் ஜாஸ்தியானா அட்ரினல்தான் முதல்ல படுத்துக்கும். இதுல ஹார்மோனே இருக்கு. நேரா போய்த் தட்டி எழுப்பிரும்."

உடனே அகராதியை எடுத்தேன். அட்ரினல்: அண்ணீரகம், சிறுநீரகத்தின் உச்சியில் இருக்கும் சிறு சுரப்பி.

"அண்ணீரகமா? உங்களுக்குன்னே வச்ச பேரு மாதிரில்ல இருக்கு!"

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். ஹார்மோன்: இயக்குநீர். உடலை இயக்கும் நீர். இவ்வளவு அழகிய பெயருடைய ஒன்று தீங்கு செய்யுமா? கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படித்தேன். காலையில் எழ இயலாமை, பிற்பகல் தளர்ச்சி, சொல் மறத்தல். வரிக்கு வரி நான்தான். மருத்துவரிடம் செல்லவில்லை. சென்றால் "ரெஸ்ட் எடுங்கம்மா" என்பார். அதைச் சொல்ல என் கணவர் போதும், கட்டணமும் இல்லை.

பிப்ரவரி 13

முதல் மாத்திரை, காலை உணவுக்குப் பின். வரலாறு தொடங்கிற்று.

பிப்ரவரி 27

எழுந்துவிட்டேன்! மணி ஒலிப்பதற்கு முன்பே எழுந்துவிட்டேன். பரணைச் சுத்தம் செய்தேன், திரைச்சீலைகளைத் துவைத்தேன், பணிக்கு நடந்தே சென்றேன். ஒலிவாங்கியின் முன் சொற்கள் வரிசையில் நின்று, ஒன்றையொன்று தள்ளாமல் வெளியேறின.

கணவர் கடைவீதி முனையில் ஒரு சிறு பெட்டிக்கடையில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். மதியச் சோற்றை எடுத்துச் சென்றபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன, புது பேட்டரி போட்டாப்ல ஓடுற?"

"அண்ணீரகம் விழித்துக்கொண்டது."

"யாரு அது?"

மார்ச் 10

முகத்தில் பருக்கள், நாற்பத்தாறு வயதில். "ரெண்டாவது ரவுண்டு வயசுக்கு வர்றியாடி?" என்றாள் சைரன். இளமை திரும்புகிறது என்று நான் கொண்டேன்.

நாளுக்கு ஒன்று போதும் என்கிறது குப்பி. என் பணிச்சுமையைக் குப்பி அறியாது. இரண்டாக்கினேன்.

மார்ச் 22

விசாரணைத் தொலைபேசி ஒலித்தது. எடுத்து, "பேருந்து நிலையம், வணக்கம்" என்றேன்.

"சார், மலையடிவாரத்துக்குக் கடைசி வண்டி எப்ப சார்?"

"மாலை ஆறு மணி. மேலும், நான் சார் அல்ல, அம்மையார்."

வைத்தபின் சற்று நேரம் குமுறினேன். பிறகு யோசித்தேன். குரல் இறங்கியிருக்கிறதா என்ன? கதவைச் சாத்திக்கொண்டு நடைமேடை எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஆம்! அடியில் ஒரு கனம் சேர்ந்திருக்கிறது, பாத்திரத்துக்கு அடிக்கனம் போட்டாற்போல. கருவி பொருத்த வந்திருந்த ஒலிப்பதிவாளர்கூட "மேடம், வாய்ஸ்ல நல்ல வெயிட்டு" என்றார். சைரனின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்ததையும் சொல்லியாக வேண்டும்.

இத்தனை நாள் என் குரலில் இல்லாதிருந்தது கம்பீரம் ஒன்றுதான். அதுவும் வந்துவிட்டது.

ஏப்ரல் 3

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று மேல்சுருதிக்கு ஏறும்போது, "கவன" வரை சென்ற குரல் கிழிந்தது. நூல் அறுந்த மாதிரி. திரும்பச் சொன்னேன், திரும்பவும் கிழிந்தது. நடைமேடையில் பள்ளிப் பிள்ளைகள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சோர்வுதான். வேறென்ன? வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளித்தேன். நாளை முதல் மூன்று மாத்திரை.

ஏப்ரல் 9

கணவர் வீட்டில் ஒரு கடிகாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு. தற்செயலாக நிமிர்ந்தவர், "இங்க வா, தாடையத் தூக்கு" என்றார்.

"எதற்கு?"

"முடி. அதுவும் நல்ல உரமான முடி. எனக்கே இப்படி வரல." கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கவில்லை. "இந்த மாத்திரைய யாருகிட்டயாவது காட்டினியா?"

"நான் படித்திருக்கிறேன்."

"கடிகாரத்தப் பத்தியும் எல்லாரும் படிச்சிட்டுத்தான் வர்றாங்க. உள்ள திறந்து பாக்காம நான் பேட்டரி போடுறதில்ல."

கோபம் வந்தது. ஆனாலும் தொண்டை மருத்துவரிடம் நேரம் கேட்டு வைத்தேன்.

ஏப்ரல் 11

தொண்டை மருத்துவர், என்னைவிட இளையவர். மெல்லிய குழாய் ஒன்றை மூக்கின் வழியே விட்டுக் குரல்நாண்களைத் திரையில் காட்டினார். எனக்கு இரண்டு நூல்கள் தெரிந்தன. அவர் "தடிச்சிருக்கு" என்றார். குப்பியைக் கேட்டு வாங்கி வாசித்தார்.

"எதுக்கும்மா இது?"

"அண்ணீரகச் சோர்வுக்கு."

"அப்படி ஒரு நோய மருத்துவத்துல ஒத்துக்கல. உங்க களைப்பு பொய்யின்னு சொல்லலம்மா. களைப்பு நிஜம், பேருதான் தப்பு. இந்த ஹார்மோன் உடம்புக்குள்ள போய் ஆண் ஹார்மோனா மாறும். பரு, முடி, குரல் எல்லாம் அதோட வேலை."

"நிறுத்தினால் குரல் திரும்புமா?"

"பரு போகும். குரல் கொஞ்சம் தெளியலாம். பழைய இடத்துக்கே வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

இரத்தம் எடுத்தார்கள். மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொன்னார். சோதனை முடிவுகளோடு மீண்டும் வர வேண்டும்.

ஏப்ரல் 12

என் குரல். என் குரல்தானே அது. எங்கயாவது ஒரு துண்டு பிடிச்சு வச்சிருக்கேனா? இல்ல. பத்தொன்பது வருஷமும் காத்துல பேசிட்டு வந்திருக்கேன். பதிவு பண்ணப் போறாங்கன்னு தெரிஞ்ச வருஷமாப் பாத்து, என் கையாலயே, தண்ணி ஊத்தி முழுங்கி —

போதும்.

ஏப்ரல் 15

முடிவுகள் வந்தன. அண்ணீரகம் முற்றிலும் நலம். அது உறங்கவே இல்லையாம், பாவம், வீண்பழி. குறைந்திருப்பது இரும்புச்சத்து. அதற்கு மாத்திரை எழுதியபின் மருத்துவர் என் பணிநேர முறையைக் கேட்டார். சொன்னேன். "இப்படி மாத்தி மாத்தித் தூங்கினா எனக்கும்தான் வார்த்தை மறக்கும்" என்றார்.

மாலையில் நாத்தனாரிடம் மீதிக் குப்பிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அண்ணி, இதுல பக்க விளைவே கிடையாதுன்னு கம்பெனியில சொன்னாங்களே. நான் நாளைக்கு என் பொண்ணுக்கே குடுக்கலாம்னு இருந்தேன். பரீட்சை நேரம், ராவும் பகலும் முழிச்சுப் படிக்கிறா."

நான் விவாதிக்கவில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஏறினேன். அதே இடத்தில் கிழிந்தது. "அய்யோ அண்ணி" என்று குப்பிகளைப் பையின் அடியில் திணித்தாள்.

ஏப்ரல் 16

விஷயம் அறிந்த சைரன் பணிநேரப் பட்டியலை மேலாளரிடம் மாற்றி வாங்கி வந்தாள். இரவுப் பணி அனைத்தும் அவளுக்கு.

"எதற்கு?"

"தொண்டை கட்டினவளத் தோக்கடிச்சிட்டுப் போனா ஊரு என்னைக் காறித் துப்பும். ஒழுங்கா தூங்கு."

ஏப்ரல் 20

கண்டுபிடித்துவிட்டேன்!

குரல் கிழிவது ஏறும்போது மட்டும். அப்படியானால் ஏன் ஏற வேண்டும்? நம் அறிவிப்புகள் அனைத்தும் ஏற்றத்தில் தொடங்குகின்றன: கனிவு, கவனம். பயணிக்குத் தேவையான ஊர்ப்பெயரோ, அவன் கவனிப்பதை நிறுத்திய பிறகு வருகிறது. இதை இத்தனை ஆண்டு நானே ஆராதித்திருக்கிறேன்.

தலைகீழாக்கினேன். "மலையடிவாரம் செல்பவர்களே, உங்கள் பேருந்து இரண்டாம் நடைமேடையில் நிற்கிறது. ஆறு மணிக்குப் புறப்படும்." ஊர்ப்பெயர் முதலில். எல்லாச் சொல்லும் கீழ்த்தளத்தில், தரையில் கால் பதித்து நடக்கிறது. எங்கும் ஏறவில்லை, எங்கும் கிழியவில்லை. இன்று நேரடியாக அறிவித்துப் பார்த்தேன். ஊர்ப்பெயர் கேட்ட மாத்திரத்தில், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மூட்டையோடு எழுந்து நின்றார். ஊர்ப்பெயருக்கு மட்டும்!

எல்லா வழித்தடங்களுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கை வலிக்கிறது. களைப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன், இன்பமான களைப்பு.

ஏப்ரல் 28

குரல் தேர்வு. கண்ணாடிக்கு உட்புறம் நாங்கள். வெளியே மேலாளர், ஒலிப்பதிவாளர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி. சைரன் முதலில் பழைய வாசகத்தை வாசித்தாள். நான் என் வாசகத்தை வாசித்தேன். கிழியவில்லை. ஆனால் "புறப்படும்" என்பதில் ஓர் இழை கரகரத்தது. எனக்குக் கேட்டது என்றால் அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அதிகாரி குனிந்து பேசினார். மேலாளர் ஒலிவாங்கியில் சொன்னார்: "அதே வாசகத்த அவங்களும் ஒருதடவ படிக்கட்டும்."

சைரன் தாளைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்திருந்தால் அவள் படித்திருக்க மாட்டாள். அதை உறுதியாகச் சொல்வேன்.

தாளை அவள் பக்கம் நகர்த்தினேன். "'செல்பவர்களே'யில் அழுத்தாதே" என்றேன்.

அவள் படித்தாள். என் வாக்கியம் முதன்முறையாக எனக்கு வெளியே நின்று பேசியது. இப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

மே 6

சைரனின் குரல். என் வாசகம், ஒரு சொல்லும் மாறாமல். மற்ற நிலையங்களுக்கும் இதையே அனுப்புகிறார்களாம்.

பதிவுக் குரலுக்கு அடங்காதவை, அதாவது தாமதம், பழுது, காணாமற்போன குழந்தை, இவற்றை நேரடியாக அறிவிப்பது என் பொறுப்பு. பகல்பணி மட்டும்.

"உன் தமிழ் என் வாயில நுழையறதுக்குள்ள உயிர் போயிடும் போல" என்றாள் சைரன். அழுதிருக்கிறாள். நானும்தான். அவள் என்னைப் பார்க்காததுபோல் இருந்தாள்.

ஜூன் 3

பருக்கள் போய்விட்டன. காலையில் தானாக விழிப்பு வருகிறது. குரல் இறங்கிய இடத்திலேயே குடியேறிவிட்டது. கரகரப்பு மட்டும் தணிந்திருக்கிறது. ஒலிபெருக்கி நாள் முழுவதும் என் வாக்கியங்களைச் சைரனின் வாயால் சொல்கிறது. திரும்பித் திரும்பிக் கேட்டும் அலுக்கவில்லை எனக்கு.

மாலை, நான் கிளம்பும் நேரம், விசாரணைத் தொலைபேசி. மூச்சிரைக்க ஒரு பெண்.

"சார், மலையடிவாரத்துக் கடைசி வண்டி போயிடுச்சா சார்? முக்குல திரும்பிட்டேன், கையில குழந்தை இருக்கு சார்."

"இல்லை அம்மா. மெதுவாக வாருங்கள். நிறுத்திவைக்கிறேன்."

தலைக்குமேல் சைரனின் குரல், வண்டி புறப்படுகிறது என்று தெளிவாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஒலிவாங்கியைத் திறந்தேன். "இரண்டாம் நடைமேடை ஓட்டுநரே, சற்றுப் பொறுங்கள். ஒருவர் வந்துகொண்டிருக்கிறார்."

இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஓட்டுநர் கண்ணாடிப் பக்கம் கையுயர்த்தினார்.