நோன்பு வாரத்தில் அம்மா கேட்ட சீஸ் அடை

வோலோஸ்,
புனித வாரம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அரேதிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டி க்ளியோவும் மெல்போர்னில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கும் அப்படியே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

புதன்கிழமை உன் அம்மாவும் நானும் தெஸ்பினாவின் பேக்கரிக்குப் போனோம். வாசல்வரை கூட்டம், எல்லோரும் நோன்புக்காக சீஸ் சேர்க்காத கீரை அடை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா முன்னால் போய் ஒரு சீஸ் அடையும் பாகில் ஊறிய பால் இனிப்பு இரண்டும் கேட்டாள். ஆறு வயதில் உனக்குக் காய்ச்சல் கண்டபோதுகூட, தவக்காலத்தில் பால் தரலாமா என்று பாதிரியாரிடம் கேட்டுவரச் சொன்னவள் அவள். என்னக்கா, ஈஸ்டர் உங்க வீட்டுக்கு மட்டும் முன்னாடியே வந்துடுச்சா என்று தெஸ்பினா சிரித்தாள். பின்னால் நின்ற எதிர்வீட்டு ஃபோதினி, படிச்சவங்க வீடு, அவங்களுக்கு ஏதும்மா நோன்பு என்று குத்தினாள். அம்மா எதையும் காதில் வாங்காமல் நின்ற இடத்திலேயே கடித்துத் தின்றாள், கோட்டெல்லாம் துகள். பிறகு என்னைப் பார்த்து, சீக்கிரம் வாங்க, அரேதி ஸ்கூல் விட்டு வந்து வெளியிலயே நிப்பா, பசி தாங்கமாட்டா என்றாள். ஃபோதினிதான் தன் கைக்குட்டையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

இது புதன்கிழமை தொடங்கியதல்ல, மகளே. அக்டோபரிலேயே மருத்துவர் சொல்லிவிட்டார், மறதி நோய், இனி சரியாகாது என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் காகிதத்தில் எழுதிக் காட்டுவேன், மகள் அரேதி, பேத்தி க்ளியோ, பல் முளைத்ததா என்று கேள். அவள் அதை வாசிப்பாள், நீ சிரிப்பாய். பிட் அடித்த பிள்ளைகளை முப்பத்தொரு வருடம் தேர்வறையை விட்டு வெளியே அனுப்பிய வாத்தியார் நான். உன்னைக் கவலைப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் உனக்குத் தெரிந்துவிட்டால் எனக்கும் அது நிஜமாகிவிடும் என்ற பயம்தான் காரணம். முதல் வரியில் செய்த தப்பை மறைத்துக்கொண்டு கணக்குப் போடும் பிள்ளை பக்கம் பக்கமாக எழுதுவான், விடை மட்டும் வராது. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் வருவதாகச் சொன்னாய். அதுவரை காத்திருக்க வேண்டாம், முடிந்தால் மே மாதமே வா. உன் முகம் இன்னும் அவள் நினைவில் இருக்கிறது, பள்ளிக்கூடச் சிறுமியின் முகமாகத்தான், ஆனாலும் இருக்கிறது.

அங்கே குளிர் தொடங்கும், குழந்தையின் நெஞ்சை மூடிவை. கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வை. இந்தக் கடிதம் கிடைத்துவிட்டது என்று நீ சொன்னபின் வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் எதுவும் எழுதிக் காட்டமாட்டேன். யாரு பேசுறது என்று அவள் கேட்டால் அழாதே, உன் பெயரைச் சொல். மறுபடி கேட்டால் மறுபடி சொல்.

உன் அப்பா,
ஸ்டெர்கியோஸ்