தொடங்க மாட்டேன்

ஜூன் 2, 2003
தம்பி பாரி ஐஸ் பேக்டரியிலிருந்து கண் சிவந்து வந்தான். ஐஸ் உறைய வைக்கும் அமோனியா வாயு. சட்டையைக் கழற்றிப் போட்டான். வீடெல்லாம் அந்த நெடி.

காசிமேட்டில் இருக்கும் அந்த பேக்டரிக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்வது எங்கள் கம்பெனிதான். வாயு எந்த அளவைத் தாண்டினால் சங்கு ஊத வேண்டும் என்பதை பேக்டரிக்காரர்கள் செட்டிங் ஃபைலில் எழுதுவார்கள். அதை எழுத ஒரு சின்ன கணினி மொழி உருவாக்குவது என் வேலை. அளவை எழுதாமல் விட்டால்? பழைய பெட்டி, எல்லையே இல்லை என்று எடுத்துக்கொண்டு ஓடும். ஓடட்டும் என்கிறார் முதலாளி சுப்பராயன். அவர் வீடு தள்ளி, அண்ணாநகரில்.

ஜூன் 5
அளவை எழுதாமல் விட்டால் மிஷினை நிறுத்த, மொழியில் 'நில்' என்று ஒரு கட்டளை சேர்த்துவிட்டேன். காரணம் சொல்லாமல் நிற்காது. திரையில் தமிழ் வராது. ஆங்கில எழுத்தில் தமிழாகவே சொல்லும்.

ஜூன் 9
தடைக்காலம் முடிந்து படகுகள் கடலில். பேக்டரியில் புதுப் பெட்டி வைத்தார்கள். பாரி போன் செய்தான்.
"இன்னாக்கா இது? அமோனியா எல்லை எழுதல, தொடங்க மாட்டேன்னு சொல்லுது. அப்டியே உன்ன மாரியே திமிரு!"
பின்னால் நாலைந்து பேர் சிரிப்பு.

ஜூன் 10
மிஷின் ஓடுகிறது. எப்படி? ஓனர் எத்திராஜ் 9999 போடச் சொன்னாராம். "ஓடிகினுதானே கீது, நீ ஏன் பேஜாராவுற?" என்கிறான் பாரி.

முப்பது இருக்க வேண்டிய இடம் அது. எல்லாரும் செத்து விழுந்த பிறகும் ஊதாது. காலியாக விட்டால் பிடிக்கிறேன். பொய் எழுதினால்? அதை ஏன் யோசிக்கவில்லை நான்?

ஜூன் 11
ஐம்பதுக்கு மேல் எழுதினாலும் நிற்கட்டும் என்று சுப்பராயனிடம் கேட்டேன்.
"கஸ்டமரை மிஷின் எதிர்த்துப் பேசக் கூடாதும்மா. உன் தம்பி அங்க இருக்கான், அதானே?"
ஆமாம். யாருக்காவது தம்பியாக இருந்தால்தானே அவர்கள் கணக்கில் வருகிறார்கள்.

ஜூன் 13
யாரையும் கேட்கவில்லை. நானே காசிமேடு போய், ஐம்பதுக்கு மேல் எழுதினாலும் நிற்கும்படி பெட்டியை மாற்றினேன். 9999-ஐப் பார்த்ததும் நின்றுவிட்டது.
"எவம்மா நீ? படகு ஐஸுக்கு நிக்குது!" எத்திராஜ் கத்தினார். கடைசியில், "போட்டுத் தொல!"
முப்பது போட்டேன்.

உடனே சங்கு ஊதியது — நிறுத்தவே இல்லை. எல்லாரும் வெளியே ஓடினோம். ஒரு வால்வு பல நாளாகக் கசிந்திருக்கிறது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 16
வேலை போய்விட்டது. கேட்காமல் மாற்றினேனாம்.

ஜூன் 21
வால்வை மாற்றிவிட்டார்கள். பாரி வேலைக்குப் போய் வந்தான். அவன் சட்டையை முகர்ந்து பார்த்தேன்.
மீன் நாற்றம் மட்டும்தான்.