கஹ்வாவுக்கு முன் சொல்ல வேண்டிய செய்தி

மத்ரா, மஸ்கட்
ஆகஸ்ட் 19

அன்பு மகள் அஸீலாவுக்கு, உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் கணவர் ஃபிரேசரும் குழந்தை ஐலாவும் டண்டீயில் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கும் அனைவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதே முறை. அந்த முறையை இந்த ஒரு கடிதத்தில் மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். வரிகள் சாய்ந்து ஓடுவதைப் பார்த்துக் கிழவிக்குக் கை தளர்ந்துவிட்டது என்று நினைக்காதே. கையில் குறையில்லை, காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பிப்ரவரியில் பத்து நாள் வருகிறீர்கள், குரும் கடற்கரை விடுதியில் அறை பிடித்தாயிற்று, வீட்டுக்கு ஒரு பிற்பகல் வந்து போவீர்கள் என்று எழுதியிருந்தாய். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லி, நீங்கள்தான் பூகோள ஆசிரியை ஆயிற்றே என்று வேறு சேர்த்திருந்தாய். கெய்ரோவில் பட்டம் வாங்கி முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு நாடுகளை அறிமுகம் செய்தவள் நான். இந்தத் தெருவில் பிறந்த என் மகளுக்கு இந்த ஊரை அறிமுகம் செய்து எழுத நேரும் என்று பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை. இருந்தாலும் கேட்டாய், எழுதுகிறேன்.

ஃபிரேசரிடம் சொல்: இந்த ஊருக்கு முன்னால் கடல், பின்னால் கரும்பாறை மலை, நடுவில் மிஞ்சிய இடத்தில் நாங்கள். மலை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் திருப்பித் தரும். பிப்ரவரியில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மழை பெய்தால் வறண்ட ஓடையில் காரை இறக்கக் கூடாது, பத்து நிமிடத்தில் அது ஆறாகிவிடும். வாடகைக்கு எடுக்கும் காரைக் கழுவி வைத்திருக்கட்டும், அழுக்குக் காரை ஓட்டினால் அபராதம் போடுகிற ஊர் இது. ஹாரனை அழுத்த வேண்டாம், யாரும் வழிவிட மாட்டார்கள், பரிதாபப்பட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். மீன் சந்தைக்குக் காலை ஆறு மணிக்கே போக வேண்டும், எட்டு மணிக்குப் போகிறவர்களுக்குப் படம் எடுக்கத்தான் மீன் மிஞ்சும். கடைவீதியில் முதலில் சொல்லும் விலையைக் கேட்டுச் சிரிக்கலாம், கோபிக்கக் கூடாது. யார் வீட்டில் கஹ்வா என்னும் எங்கள் காப்பியைக் கொடுத்தாலும் குவளையை வலது கையால் வாங்க வேண்டும், போதுமென்றால் அதை இலேசாக ஆட்டிக் காட்டிவிட்டுத் திருப்பித் தர வேண்டும், ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எதிர்வீட்டு ஸுவைனாவின் மருமகனைத் தேடி ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார். அவள் கதவிடுக்கு வழியாக எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் ஓடி வந்து, “பதினோரு குவளை, நஸ்ரா. மரியாதைக்காரன், பாவம். கண்ணு ரெண்டும் ஆந்தை மாதிரி ஆயிடுச்சு. இன்னொண்ணு ஊத்தினா எழுந்து பறந்திருவான்” என்றாள். ஆட்டச் சொல்லித் தரக் கூடாதா என்றேன். “குடிக்கிற வாயைத் தடுப்பானேன்” என்றாள். அவள் மாறவில்லை.

அடுத்து எழுத வேண்டியது எங்கள் செய்தி கேட்கும் வழக்கம். எந்தப் பயணியும் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இதை எழுதப் பேனாவை எடுத்து மூன்று நாள் மூடி வைத்தேன். யாரைக் கண்டாலும் சலாமுக்குப் பிறகு என்ன செய்தி என்று கேட்போம். கேட்கப்பட்டவர், செய்தி ஒன்றுமில்லை, எல்லாம் நல்லதுதான் என்பார். மெய்யான செய்தி பிறகு வரும்: உட்கார்ந்து, பேரீச்சம்பழம் தின்று, கஹ்வா குடித்து, அப்புறம் என்ன என்று இரண்டாம் தடவை கேட்ட பிறகு. ஸுவைனா சொல்வதைப் போல, “கூரை பத்தி எரிஞ்சாலும் ஒண்ணுமில்ல, நல்லதுதான்னு சொல்லி, ரெண்டு குவளை குடிச்சிட்டுத்தான் தண்ணி கேப்போம்.” வந்தவர் மூச்சு வாங்கி உட்காரும் முன் துக்கத்தைத் தலையில் போடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது; நல்ல வழக்கம், முகத்துக்கு முகம் பார்த்து ஒரே பாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. தொலைபேசியில் பாயும் இல்லை, கஹ்வாவும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டு, “என்ன செய்தி, உம்மா?” என்று கேட்டபோது உன் வாப்பா மருத்துவமனையில் சேர்ந்து ஒரு நாள் ஆகியிருந்தது. செய்தி ஒன்றுமில்லை, எல்லாம் நல்லதுதான் என்றேன். நீ இரண்டாம் தடவை கேட்பாய் என்று காத்திருந்தேன். “சரி உம்மா, வகுப்புக்கு நேரமாச்சு” என்று வைத்துவிட்டாய். வியாழன் விடியலில் அவர் மௌத்தானார். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் அடக்கம் முடிந்தது. செவ்வாய் இரவே நீ விமானம் ஏறியிருந்தால் அவர் கையைப் பிடித்திருக்கலாம்.

மூன்றாம் நாள்தான் நீ வந்து சேர்ந்தாய். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வழக்கப்படி உன்னிடமும் என்ன செய்தி என்று கேட்டார்கள். “செய்தி ஒண்ணுமில்லையாம். எங்க உம்மாவைக் கேளுங்க, எல்லாம் நல்லதுதான்னு சொல்வாங்க” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாய். யாரும் கஹ்வாவைத் தொடவில்லை. அன்று மாலை சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்து ஏன் என்று கேட்டாய். நான் சொன்ன பதில் உனக்கு மறந்திருக்காது: நீ இரண்டாம் தடவை கேட்கவில்லையே என்றேன். வாப்பாவைப் பறிகொடுத்து நின்ற பிள்ளையிடம் விடைத்தாள் திருத்துகிறவளைப் போலப் பேசினேன். அதற்குப் பின் ஏழு வருடமாக நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. பெருநாள் வாழ்த்தும் குழந்தையின் படமும் அனுப்பினாய். இவ்வளவும் உனக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த அறிமுகத்தை எழுதி முடித்தால் அது பொய் அறிமுகம். புதன்கிழமை காலை உன் வாப்பாவுக்கு நல்ல நினைவு இருந்தது. “அஸீலாகிட்டச் சொல்லிட்டியா?” என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். “நாளைன்னா யாருக்கு நாளை, நஸ்ரா?” என்று கேட்டுச் சிரித்தார், இருமல் வந்தது, அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தொலைபேசி என் பையில்தான் இருந்தது. முந்தின நாள் நல்லது என்றவள் மறுநாள் இல்லை என்று எப்படிச் சொல்வது என்ற வெட்கம், டாக்டர் தேறிவிடுவார் என்றதைப் பிடித்துக்கொண்ட கோழைத்தனம், இரண்டும் சேர்ந்து அந்தப் பகலைத் தின்றுவிட்டன. செவ்வாய்க்கிழமைக்கு வழக்கத்தைக் குற்றம் சொல்லலாம். புதன்கிழமைக்கு நானே பொறுப்பு. உன்மேல் பழியைப் போட்டு ஏழு வருடம் அதை மறைத்தேன். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை, அது உன் இஷ்டம். யார் தவறு என்பதில் இனி உனக்குச் சந்தேகம் இருக்க வேண்டாம்.

இப்போது செய்தி. செய்தி இருக்கிறது, அது நல்லதல்ல. எனக்குக் கண் அழுத்த நோய். இடது கண்ணில் ஜன்னல் வெளிச்சம் மட்டுமே தெரிகிறது, வலது கண் அதே வழியில் போகிறது. கண் டாக்டர் சின்னப் பெண், என்னிடம் படித்தவள், “டீச்சர், நேராச் சொல்லட்டுமா?” என்று தயங்கினாள். “நேராச் சொல்லு, இந்த ஊர்ல யாராவது ஒருத்தர் அதைப் பழகணும்” என்றேன். வருடக் கடைசிவரை எதிரில் இருப்பவரின் முகம் தெரியலாம், பிப்ரவரிக்கு உறுதி சொல்ல மாட்டேன் என்றாள். போன பார்வை சிகிச்சையால் திரும்பாது, மிச்சத்தைக் கொஞ்ச நாள் தக்கவைக்கலாம், அதற்குச் சொட்டு மருந்து ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன். இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை, பயணச் சீட்டை மாற்றலாமா என்று நீ முடிவு செய்யத் தேவையான தகவல் என்பதால் எழுதுகிறேன். நவம்பரில் இங்கே வெயில் தாங்கும், கடலும் அமைதியாக இருக்கும். ஐலாவின் படங்களை இதுவரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், அவள் மூக்கு உன் வாப்பாவுடையது என்று நினைக்கிறேன், நேரில் ஒருமுறை சரிபார்க்க விரும்புகிறேன். விடுதியில்தான் தங்குவாய் என்றால் அப்படியே செய். வீட்டில் மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன், அது யாருக்காகவும் அல்ல, அடிக்க வேண்டிய வருடம் வந்துவிட்டது. கப்ரில் பெயர் எழுதும் வழக்கம் நமக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும், வாப்பாவின் கல்லை அடையாளம் காட்ட உன் மாமா ஹிலாலிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் கண்ணொளியையும் தருவானாக. குழந்தைக்கு என் முத்தம், ஃபிரேசருக்கு சலாம். குவளையை ஆட்ட இப்போதே பழகச் சொல். இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு; என்ன செய்தி என்று ஒரு தடவை கேட்டால் போதும். கஹ்வா இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது, அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உன் உம்மா,
நஸ்ரா பின்த் ஹமூத்